கைகளை மடியில் வைத்திருத்தல்

அருள்நாயகி தன் ஆறு வயது மகள் அட்சயாவுக்குச் சோறு தீத்தினாள். ஊட்டிவிடுவதைத்தான் யாழ்ப்பாணத்தில் தீத்துவது என்பார்கள். வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தீத்தியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அவள் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தீத்தினாள். 1994ஆம் ஆண்டு மாரிகாலத்தில் ஸ்காபரோவில் அதைவிடத் துணிச்சலான காரியத்தை வேறு யாரும் செய்ததாக நான் கேள்விப்படவில்லை.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கென்று பாணில் ஜாம் பூசிக் கொடுத்துவிட்டாள். பெட்டி அப்படியே திரும்பி வந்தது. சீஸ் வைத்துக் கொடுத்தாள். அதுவும் வந்தது. பிள்ளை காலையில் குடித்த பாலோடு பின்னேரம்வரை இருக்கிறாள் என்று தெரிந்த பிறகு எந்தத் தாய்க்கு வீட்டில் இருப்புக்கொள்ளும்? சோறும் பருப்பும் முட்டைப் பொரியலும் ஒரு சூட்டுப் பாத்திரத்தில் போட்டுக்கொண்டு, மார்க்கம் றோட்டு பஸ்ஸில் ஏறி, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் குளிர்ச்சட்டைகள் தொங்குகிற இடத்துக்குக் கீழே இருந்த வாங்கில் மகளை இருத்தி, குழைத்துத் தீத்திவிட்டு வந்தாள். அடுத்த நாளும் போனாள். அட்சயா கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டாள். வகுப்பு ரீச்சர் பார்த்துவிட்டார்.

ரீச்சர் நல்ல மனுஷி. பிரச்சினையே அதுதான். அந்த நாட்டில் கெட்டவர்களால் ஒரு தொல்லை வந்தால் பொலிஸைக் கூப்பிடலாம். நல்லவர்களால் வருகிற தொல்லைக்குக் கூப்பிட ஆள் இல்லை. ரீச்சர் அட்சயாவைத் தனியே கூப்பிட்டு, உன் கையில் ஏதாவது வலியா என்று கேட்டார். இல்லை, அம்மா தீத்தினால்தான் சோறு இறங்கும் என்றாள் அவள். வீட்டில் எப்படிச் சாப்பிடுவாய் என்று கேட்டார். ஜன்னலில் இருந்து றோட்டைப் பார்ப்பேன், ஒரு பஸ் போனால் ஒரு வாய் என்றாள். யாரோடு படுப்பாய் என்று கேட்டார். அம்மாவும் அப்பாவும் நானும் ஒரே மெத்தையில், நான் நடுவில் என்று பெருமையாகச் சொன்னாள். ரீச்சர் அன்றைக்கு வீட்டுக்குப் போய் அழுதாராம். அடுத்த நாள் அதிபரிடம் சொன்னார். அதிபர் சொல்லவேண்டிய இடத்தில் சொன்னார்.

சொல்லவேண்டிய இடத்தின் பெயர் குடும்ப இசைவுப் பணிமனை. வோபர்னில் ஒரு பிளாசாவில், பல் வைத்தியருக்கும் டோனட் கடைக்கும் நடுவில் அது இருந்தது. இந்தப் பணிமனை பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கிற பணிமனை அல்ல. போகிற ஒவ்வொருவருக்கும் அவர்கள் முதலில் சொல்வது அதைத்தான். பிள்ளைகளைப் பிரிப்பவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். இவர்கள் அந்த இடத்துக்கு அபிப்பிராயம் மட்டும் அனுப்புகிறார்கள். கத்தி பிடிக்கிறவன் நான் அல்ல, இன்ன இடத்தில் வெட்டு என்று காட்டுகிறவன்தான் என்று சொன்னால் ஒரு மனுஷிக்கு எவ்வளவு ஆறுதலாக இருக்குமோ, அவ்வளவு ஆறுதல் அருள்நாயகிக்கும் இருந்தது.

கணவன் இராசரத்தினம் பிளாஸ்டிக் வாளி செய்கிற தொழிற்சாலையில் இரண்டு வேலைநேரம் பார்க்கிறவன். பணிமனைக்கு வரச்சொல்லி வந்த கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மெத்தையில் இருந்தான்.

"மிசிசாகாப் பக்கம் ஒரு தமிழ்ப் பிள்ளையை எடுத்துக்கொண்டு போனவையாம். திரும்பி வரேக்கை தாயை மிஸிஸ் எண்டு கூப்பிட்டதாம்" என்றான்.

"ஆர் சொன்னது?"

"வேலை இடத்திலை எல்லாரும் கதைக்கினம். இஞ்சேர், அவையள் என்ன சொன்னாலும் ஓம் எண்டு சொல்லிப்போட்டு வா. ஊரிலை சென்ரியிலை நிண்ட ஆமிக்காரனுக்கே தலையாட்டினனாங்கள், உதுக்கு ஆட்டேலாதே?"

அருள்நாயகி தலையாட்டுவதற்குத் தயாராகத்தான் போனாள்.

பணிப்பாளரின் பெயர் மிஸிஸ் ஹோல்ட்பி. உயரமான மனுஷி, மெதுவான குரல். மொழிபெயர்க்க வேரோனிக்கா என்ற ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் பக்கத்தில் இருந்தாள். கனடாவுக்கு முந்தி வந்தவள். வேரோனிக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது ஒரு வசனம் ஒன்பதாகும். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது ஒன்பது ஒன்றாகும். இந்தக் கதையை எனக்குச் சொன்னவளும் அவள்தான். எனக்குச் சொன்னபோது ஒன்பதாகத்தான் சொன்னாள். நான்தான் குறைத்திருக்கிறேன்.

மிஸிஸ் ஹோல்ட்பி அன்று பேசியது இது: "நாங்கள் எல்லாப் பண்பாடுகளையும் மதிக்கிறோம். உங்கள் உணவு எனக்கு மிகவும் பிடிக்கும். உங்கள் சேலைகளில் எத்தனை நிறங்கள். உங்கள் பண்பாட்டை நீங்கள் விழாக்களில் காட்டவேண்டும், அதற்கு நாங்களே மண்டபம் எடுத்துத் தருகிறோம். பிள்ளையிடம் மட்டும் காட்டவேண்டாம். ஒரு பிள்ளை தானே உண்ணும்போதுதான் தான் யார் என்று அறிகிறது. நீங்கள் ஊட்டுகிற ஒவ்வொரு கவளத்தோடும் அவளிடமிருந்து அவளைத் திருடுகிறீர்கள். இதை நான் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. உங்கள் கோப்பில் அப்படி எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான்."

வேரோனிக்கா அருள்நாயகி பக்கம் திரும்பினாள். "அக்கா, தீத்தாதேங்கோ எண்டு சொல்லுறா."

"தீத்தாட்டி அவள் சாப்பிடமாட்டாளே."

வேரோனிக்கா இதைப் பணிப்பாளருக்குச் சொல்லி முடிக்க நெடுநேரம் எடுத்தது. அந்தத் தாய் ஆலோசனைக்கு ஆழ்ந்த நன்றி தெரிவிப்பதாகவும், புதிய நாட்டின் நெறிகளில் பெரும் ஆர்வம் கொண்டிருப்பதாகவும், போசாக்குக் குறித்து ஒரு சிறிய ஐயம் எழுந்திருப்பதாகவும் அவள் சொன்னாள்.

"பசி ஒரு தெரிவு" என்றார் மிஸிஸ் ஹோல்ட்பி. "பிள்ளை பசியைத் தெரிவுசெய்தால் நாம் அந்தத் தெரிவை மதிக்கவேண்டும். அந்த பஸ் விடயம் எனக்கு இன்னும் கவலையாக இருக்கிறது. உங்கள் மகளின் உணவு முழுவதும் நகரசபையின் போக்குவரத்தில் தங்கியிருக்கிறது. ஒரு நாள் பஸ் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா?"

அருள்நாயகி யோசித்திருக்கவில்லை. பனி கொட்டுகிற நாட்களில் பஸ் பிந்தும். அந்த நாட்களில் சாப்பாடு ஆறிவிடும். அப்போது அவள் லொறியையும் பஸ் என்று சொல்லித் தீத்துவாள். இதைச் சொன்னால் இன்னொரு குற்றம் சேரும் என்று அவளுக்குப் பட்டது. தலையாட்டினாள். எங்கள் தலையாட்டல் பக்கவாட்டில் போகிறது, கனடாவில் அதற்கு இல்லை என்று பொருள். ஆகவே 'தாய் மறுக்கிறார்' என்று கோப்பில் ஏறியது. பெற்றோர் வகுப்புக்குக் கட்டாயம் வரவேண்டும் என்று தீர்மானித்தார்கள்.

வகுப்பின் முதல் பாடத்துக்குப் பெயர், கைகளை மடியில் வைத்திருத்தல்.

சோமாலியாவிலிருந்து வந்த ஒருத்தி, வியட்நாமிலிருந்து இருவர், போர்த்துக்கலிலிருந்து வந்த தடித்த அம்மா ஒருவர், இப்படிப் பல தாய்மார் அங்கே இருந்தார்கள். எல்லோருமே பிள்ளைகளை வேறு வேறு விதமாகத் தொட்டுப் பிடிபட்டவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பிளாஸ்டிக் பொம்மையும் அதற்கு ஒரு கதிரையும் வெறும் தட்டும் கொடுக்கப்பட்டன. தாய் எதிரே உட்காரவேண்டும். இரண்டு கைகளும் மடியில் இருக்கவேண்டும். பொம்மை சாப்பிடாமல் இருப்பதைப் பதற்றமில்லாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி. பார்வைக்குச் சுகமானது போலத் தெரியும்.

சிறிது நேரத்தில் அருள்நாயகியின் கை போய்ப் பொம்மையின் வாயைத் துடைத்துவிட்டது. அங்கே துடைக்க ஒன்றும் இருக்கவில்லை. அது அவளுக்கும் தெரியும். கைக்குத் தெரியவில்லை.

மிஸிஸ் ஹோல்ட்பி வந்து பொம்மையை மெதுவாகத் தூக்கினார். கோபம் எதுவும் இல்லை. "இந்தப் பிள்ளையைத் தற்காலிகமாகப் பாதுகாப்பான ஓர் இடத்தில் வைக்கிறோம்" என்றார். பொம்மை போர்த்துக்கல் அம்மாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்த அம்மா ஏற்கனவே தன் பொம்மையோடு நல்லபடி இருந்தவர். இன்னொன்று கைக்கு வந்ததும் பாவம் தாயில்லாப் பிள்ளை என்று அதன் நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டார். இரண்டு பொம்மைகளும் அவரிடமிருந்து எடுக்கப்பட்டு சோமாலியப் பெண்ணிடம் போயின. அவள் மூன்றையும் மடியில் இருத்திக்கொண்டாள். கைகள் மடியில்தான் இருக்கின்றன என்று வாதாடினாள். எடுபடவில்லை. வகுப்பு முடியும்போது எல்லாப் பொம்மைகளும் மிஸிஸ் ஹோல்ட்பியின் அலுமாரிக்குள் அடுக்கப்பட்டிருந்தன. அவர் அலுமாரியைப் பூட்டிவிட்டு, "பிள்ளைகள் இப்போது பாதுகாப்பாக இருக்கிறார்கள்" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

வெளியே பஸ் தரிப்பில் நிற்கும்போது அருள்நாயகி வேரோனிக்காவிடம் கேட்டாள்: "தங்கச்சி, உமக்கும் பிள்ளையள் இருக்கினமோ?"

"ஓம் அக்கா. பத்து வயசிலை ஒரு பெடியன்."

"தானே சாப்பிடுவானோ?"

வேரோனிக்கா முன்னும் பின்னும் பார்த்தாள். "நான் திரைச்சீலையை இழுத்துவிட்டுட்டுத்தான் தீத்துறனான். நீங்கள்தான் போயும் போயும் பள்ளிக்கூடத்திலை வைச்சுத் தீத்தினியள்."

அடுத்தது வீட்டுப் பரிசோதனை. அருள்நாயகியின் வீட்டில் ஒரு படுக்கையறைதான். பிள்ளைக்குத் தனி அறை வேண்டும் என்று முதலே அறிவித்திருந்தபடியால், இராசரத்தினம் அந்த அறையைக் காலிசெய்து மகளுக்குக் கொடுத்தான். தாயும் தகப்பனும் வரவேற்பறையில் சோபாவை நகர்த்திவிட்டு மெத்தை போட்டுக்கொண்டார்கள். வீட்டு வாடகைப் பத்திரத்தில் பெயர் இருக்கிற இருவரும் வெளியே படுத்தார்கள். பெயர் இல்லாத அட்சயா தனி அறையில் லைற்றை அணைக்க விடாமல் கிடந்தாள். விடியும்போது அவள் தாய் தகப்பனின் மெத்தையின் நடுவில் இருப்பாள். எப்போது வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. பரிசோதனைக்கு வந்த அன்று காலையில் தங்கள் தலையணையில் கிடந்த அவளுடைய நீட்டு மயிர்களை இராசரத்தினம் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் குப்பையில் போட்டான்.

மிஸிஸ் ஹோல்ட்பி அறைக் கதவுக்கும் பெரியவர்களின் மெத்தைக்கும் இடையிலான தூரத்தை நாடாவால் அளந்தார். போதுமான தூரம் என்றார். பிறகு சோபாவில் உட்கார்ந்து அருள்நாயகி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார். குடித்தபடி தன் நாயைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கனடாவில் ஒருவர் உங்கள் வீட்டில் நாயைப் பற்றிப் பேசினால் உங்களோடு சிநேகமாகிவிட்டார் என்று அர்த்தம்.

"என் டியூக்குக்கு இடி என்றால் பயம்" என்றார். "தனியே படுக்கமாட்டான். என் கட்டிலில்தான், என் முதுகோடு ஒட்டிக்கொண்டு. என் கணவர் விட்டுப் போனதிலிருந்து தட்டில் வைத்தால் சாப்பிடுவதும் இல்லை. கோழி இறைச்சியை வேகவைத்து, எலும்பு எடுத்து, என் கையில் வைத்துக் கொடுத்தால்தான் சாப்பிடுவான். மிருகவைத்தியர் சொன்னார், அவனுக்கு அன்பு தேவைப்படுகிறது என்று. எனக்கு நேரமே கிடைப்பதில்லை. ஆனால் ஓர் உயிர் நம்மை நம்பி இருக்கும்போது என்ன செய்யமுடியும்?"

வேரோனிக்கா இதை, "நாய் வளக்கிறாவாம்" என்று மொழிபெயர்த்தாள். ஆனால் அருள்நாயகிக்கு இத்தனை மாதத்தில் கொஞ்சம் ஆங்கிலம் பிடிபட்டிருந்தது. கையைக் குழித்துக் காட்டியதையும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, ஒண்டு கேட்டுச் சொல்லும். நாய்க்குப் பயம் எண்டால் பக்கத்திலை படுக்கலாம், பிள்ளைக்குப் பயம் எண்டால் தனியப் படுக்கவேணும். அப்பிடியோ?"

"அக்கா, நான் உதைக் கேக்கமாட்டன்."

"ஏன்?"

"கேட்டால் அவ யோசிப்பா. அவ யோசிக்கிறது உங்களுக்கு நல்லதில்லை."

என்ன சொல்கிறார் என்று மிஸிஸ் ஹோல்ட்பி கேட்டார். உங்கள் நாயின் நலனுக்காக இந்தக் குடும்பம் பிரார்த்திக்கும் என்று வேரோனிக்கா சொன்னாள். மிஸிஸ் ஹோல்ட்பிக்குக் கண் கலங்கியது.

இதற்கிடையில் அட்சயா மெலிந்துகொண்டு போனாள். வீட்டில் தீத்துவதை அருள்நாயகி நிறுத்திவிட்டாள். ஜன்னலை மறைத்துத் திரை போட்டாயிற்று. வேரோனிக்காவைப் போலத் திரைக்குப் பின்னால் தீத்தலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். அருள்நாயகியும் நினைத்தாள். ஆனால் பணிமனையில் வாரந்தோறும் பிள்ளையைத் தனியே கூப்பிட்டுக் கேட்பார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்குப் பொய் சொல்லிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அட்சயா கரண்டியால் சோற்றைத் தட்டின் ஒரு கரையிலிருந்து மற்றக் கரைக்குத் தள்ளுவாள், திரும்ப இந்தக் கரைக்குத் தள்ளுவாள், பிறகு வயிறு நிறைஞ்சிட்டுது என்பாள். சட்டை தோளில் நிற்காமல் வழுகியது. அருள்நாயகியும் சாப்பிடுவதை விட்டுவிட்டாள். பிள்ளை சாப்பிடாத வீட்டில் சோறு எப்படித் தொண்டைக்குள் இறங்கும்? அவள் பயந்துபோய் இதை வகுப்பில் சொன்னபோது, பிள்ளையின் எடை குறைவது நல்ல அறிகுறி, உள்ளே ஒரு தனிமனிதர் உருவாகும்போது ஆற்றல் செலவாகும் என்று விளக்கினார்கள்.

கடைசிப் பரீட்சை மாசி மாதம் நடந்தது. அதைப் பரீட்சை என்று சொல்லக்கூடாது, 'அவதானிக்கப்பட்ட குடும்ப உணவு' என்று சொல்லவேண்டும்.

ஒரு சிறிய அறை. ஒரு மேசை, இரண்டு கதிரை. ஜன்னல் இல்லை. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தங்கள் முகம் தெரியும். அந்தப் பக்கம் மிஸிஸ் ஹோல்ட்பியும் அவருடைய உத்தியோகத்தர்களும் வேரோனிக்காவும் இருந்தார்கள், வீடியோக் கமெராவும் இருந்தது. மேசையில் தாய்க்கு ஒரு தட்டு, பிள்ளைக்கு ஒரு தட்டு, இரண்டு கரண்டி. பண்பாட்டுக்கு மரியாதை செய்து சோறும் பருப்பும் அனுமதித்திருந்தார்கள். அருள்நாயகியே சமைத்துக்கொண்டு வந்தாள்.

அந்தப் பக்கம் போவதற்கு முன்னர் விதிகளை வேரோனிக்கா சொன்னாள். இந்த முறை சுருக்காமல் சொன்னாள். கைகள் மடியில் இருக்கவேண்டும். ஊட்டக்கூடாது. ஊட்டுவதற்கு இடம் கொடுக்கிற எந்தச் செயலிலும் சேரக்கூடாது. கண்ணால் ஏவக்கூடாது. தேறினால் கோப்பு முடிவுக்கு வரும். தவறினால் பிள்ளை அன்றைக்கே ஓய்வுப் பராமரிப்புக்குப் போகும்.

"ஓய்வுப் பராமரிப்பு எண்டால்?"

"வேறை வீடு அக்கா. முதல்லை சனி, ஞாயிறு மட்டும் எண்டு சொல்லுவினம்."

அருள்நாயகி கைகளை மடியில் வைத்து ஒன்றை ஒன்றால் பிடித்துக்கொண்டாள்.

அட்சயா வந்து எதிரே இருந்தாள். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். கரண்டியை எடுத்தாள். சோற்றை ஒரு கரையிலிருந்து மற்றக் கரைக்குத் தள்ளினாள். பிறகு தாயின் தட்டைப் பார்த்தாள். தாய் சாப்பிடவில்லை. கைகளை மடியில் வைத்திருக்கிற ஒருத்தி எப்படிச் சாப்பிடுவாள் என்று விதிகளை எழுதியவர்கள் யோசித்திருக்கவில்லை. அட்சயா யோசித்தாள். அம்மா நேற்றும் சாப்பிடவில்லை என்று அவளுக்குத் தெரியும். பெரியவர்கள் சாப்பிடாமல் இருந்தால் பிள்ளைகளுக்குத் தெரியாது என்று பெரியவர்கள்தான் நினைத்துக்கொள்கிறார்கள்.

அவள் கரண்டியை ஒரு பக்கமாக வைத்தாள். விரல்களால் சோற்றையும் பருப்பையும் பிசைந்தாள். உருட்டினாள். கதிரையில் முழங்கால் போட்டு எழும்பி, மேசைக்கு மேலால் கையை நீட்டினாள்.

"அம்மா, ஆ சொல்லுங்கோ."

கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள் என்று வேரோனிக்கா சொன்னாள். ஒருவர் அவசரமாக விதிப்புத்தகத்தைப் புரட்டினார். தாய் பிள்ளைக்கு ஊட்டுவது பற்றி நிறைய இருந்தது. பிள்ளை தாய்க்கு ஊட்டுவது பற்றி ஒரு வரிகூட இல்லை. "பொறுங்கள், தாய் என்ன செய்கிறார் என்று பார்ப்போம்" என்றார் மிஸிஸ் ஹோல்ட்பி.

அருள்நாயகிக்கு ஒரு சின்ன வேலைதான் இருந்தது. வாயைத் திறக்காமல் இருக்கவேண்டும். திறந்தால் பிள்ளை போய்விடும். அவள் உதட்டை உள்ளே இழுத்துப் பல்லால் கடித்துக்கொண்டாள்.

"அம்மா, ஆ."

கை அப்படியே நின்றது. ஒரு பருக்கை மேசையில் விழுந்தது.

அந்த அறையில் இல்லாத ஜன்னலின் பக்கம் அட்சயா தலையைத் திருப்பினாள். "அங்கை பாருங்கோ அம்மா, பஸ் வருது. ஒரேயொரு வாய்."

அருள்நாயகி வாயைத் திறக்கவில்லை. கண்ணால் ஏவக்கூடாது என்றபடியால் கண்ணையும் மூடிக்கொண்டாள்.

கண்ணைத் திறந்தபோது கை அங்கே இல்லை. அட்சயா அந்தச் சோற்றைத் தட்டில் திருப்பி வைத்திருந்தாள். விரல்களைக் கடதாசித் துண்டில் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். கரண்டியை எடுத்தாள். தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சாப்பிட்டு முடித்தாள். ஒரு பருக்கை மிச்சம் விடவில்லை.

கண்ணாடிக்குப் பின்னால் கைதட்டினார்கள். அந்தச் சத்தம் அறைக்குள் மெல்லக் கேட்டது. வேரோனிக்கா தேம்பித் தேம்பி அழுதாள். மகிழ்ச்சியில் அழுகிறாள் என்று நினைத்து மிஸிஸ் ஹோல்ட்பி கடதாசிக் கைக்குட்டை கொடுத்தார்.

"என் சேவைக் காலத்தில் இப்படி ஒரு மூடிய வாயை நான் கண்டதில்லை" என்று அவர் அருள்நாயகியின் கையைப் பிடித்துச் சொன்னார். "ஓர் எல்லை எப்படி வரையப்பட வேண்டும் என்பதற்கு இது பாடநூல். உங்கள் சமூகத்தில் இவ்வளவு கட்டுப்பாடு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நீங்கள் அவளை விடுவித்துவிட்டீர்கள்."

"பாஸ் அக்கா" என்றாள் வேரோனிக்கா.

அன்றிலிருந்து அட்சயா கரண்டியால் சாப்பிட்டாள். பள்ளிக்கூடத்தில் ஜாம் பாணும் சாப்பிட்டாள். பெட்டி வெறுமையாகத் திரும்பி வந்தது. முதுகை நிமிர்த்திக்கொண்டு இருந்து சாப்பிட்டு, தட்டைக் கழுவும் தொட்டியில் வைத்துவிட்டு, தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். விடியற்காலையில் மெத்தையின் நடுவில் யாரும் இல்லை. கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது. இராசரத்தினம்கூட, "ஏதோ பிள்ளை எங்களோடை இருக்கிறாள், அதுவே போதும்" என்றான். சொல்லிவிட்டு வெறும் தலையணையைத் திருப்பிப் போட்டான்.

ஒரு சனிக்கிழமை அருள்நாயகி ஜன்னல் திரையை விலக்கிவிட்டு, சோறு குழைத்துக்கொண்டு மகளுக்குப் பக்கத்தில் போய் இருந்தாள். றோட்டில் பஸ் ஒன்று போனது.

"ஐ கான் டூ இட், அம்மா" என்றாள் அட்சயா.

பிள்ளையின் குரலில் கோபம் இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அருள்நாயகி கெஞ்சியிருப்பாள். குழைத்த சோற்றை அவளே சாப்பிடப் பார்த்தாள். இரண்டாவது வாய் இறங்கவில்லை.

கோப்பு இன்னும் முடிவுக்கு வரவில்லை. அதற்குப் 'பகிர்தல்' என்று ஒரு கடைசிப் படி இருந்தது. தேறிய தாய் ஒருவர் புதிய தாய்மார் முன்னால் வந்து உட்காரவேண்டும். மிஸிஸ் ஹோல்ட்பி விளக்கம் சொல்வார். அருள்நாயகி பேசவேண்டிய அவசியமில்லை. அமைதியாக இருந்தால் போதும், நீங்கள் அதில் கெட்டிக்காரி என்று சொன்னார்கள்.

பங்குனியில் பனி உருகிச் சேறாகிக் கிடந்த ஒரு நாள் அவள் போனாள். புதிய தாய்மார் வரிசையாக இருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் தமிழ் முகம். ஒருத்தியின் மடியில் கைப்பை, கைப்பைக்கு மேல் இறுகப் பூட்டிய கைகள். எல்லோருக்கும் முன்னால் சில்லு வைத்த மேசையில் ஒரு ரிவிப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். அருள்நாயகிக்கு ரிவிக்குப் பக்கத்திலேயே கதிரை. படம் காட்டப் போகிறார்கள் என்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

"அன்பு என்பது இடைவெளி" என்று ஆரம்பித்தார் மிஸிஸ் ஹோல்ட்பி. "உங்களைப் போலவே இந்தத் தாயும் ஒரு காலத்தில் தன் பிள்ளைக்குத் தேவைப்பட்டார். இன்று அந்தப் பிள்ளைக்கு இவர் தேவையில்லை. இந்த வெற்றியை நீங்கள் எல்லோரும் அடையலாம். தயவுசெய்து வாயைக் கவனியுங்கள்."

வீடியோ ஓடத் தொடங்கியது. அட்சயாவின் முகம் பெரிதாக வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்து கமெராவில் கிட்ட இழுத்து எடுத்தபடியால், அன்று மேசைக்கு எதிரே இருந்து பார்த்ததைவிடக் கிட்டத்தில் தெரிந்தது. அருள்நாயகி அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டிருந்த நேரத்தில் பிள்ளையின் முகம் எப்படி இருந்தது என்று இப்போதுதான் முதல்முறை பார்த்தாள். அட்சயா அழவில்லை. தாய் கண்ணைத் திறப்பாள் என்று பொறுமையாகக் காத்திருந்தாள். நீட்டிய கை களைத்துப்போய் ஆடியது. மற்றக் கையால் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

திரையில் இருந்த அருள்நாயகி வாயை இறுக மூடிக்கொண்டிருந்தாள். கதிரையில் இருந்த அருள்நாயகி ஆவென்று வாயைத் திறந்தாள்.

திறந்த வாய் மூடவில்லை. வேரோனிக்கா அவள் தோளைப் பிடித்து, "அக்கா, அக்கா" என்று மெல்ல அசைத்துப் பார்த்தாள். படம் தன்பாட்டுக்கு ஓடி, பிள்ளை கையை எடுத்து, விரல்களைத் துடைத்து, கரண்டியைத் தூக்கிவிட்டது. அப்போதும் வாய் திறந்தபடியே இருந்தது. புதிய தாய்மார் ரிவியைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

மிஸிஸ் ஹோல்ட்பி படத்தை நிறுத்தினார். மேசையில் கிடந்த கோப்பைத் திறந்து, பேனாவை எடுத்துக்கொண்டு, "இவர் ஏதோ சொல்ல விரும்புகிறார் போலிருக்கிறது. என்ன சொல்கிறார்?" என்று வேரோனிக்காவிடம் கேட்டார்.

"பசிக்கிறதாம்" என்றாள் வேரோனிக்கா.